கீரைக்கட்டோடு போகும் மண்

ஒரு டன் சிறுகீரையைப் பிடுங்கி, கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றினால், அதோடு சேர்ந்து நிலத்திலிருந்து சுமார் 5 கிலோ தழைச்சத்தும் ஏறக்குறைய அதே அளவு சாம்பல்சத்தும் கிளம்பிவிடுகின்றன. பச்சைக் கீரையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் வரை புரதம் இருக்கிறது. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன், அதாவது தழைச்சத்து. மிச்சக் கணக்கை யாரும் போட்டுக்கொள்ளலாம்.

பூந்தமல்லியைத் தாண்டி திருமழிசை, வெள்ளவேடு, நேமம் பக்கம் போனால் வீட்டுமனைப் பலகைகளுக்கு நடுவே இன்னும் கீரைப் பாத்திகள் கண்ணில் படும். சிறுகீரை 25 நாள் பயிர். ஒரு ஏக்கரில் ஒரு தடவைக்கு 3, 4 டன் கிடைக்கும். மழைக்காலம் போக ஆண்டுக்கு ஐந்தாறு தடவை பிடுங்கினால் 20 டன். அதாவது ஒரு ஏக்கரிலிருந்து ஆண்டுக்கு 100 கிலோ தழைச்சத்து கோயம்பேட்டுக்கும் அங்கிருந்து சென்னையின் சமையலறைகளுக்கும் போகிறது. யூரியாவாகச் சொன்னால் 45 கிலோ மூட்டையில் ஐந்து. போனது திரும்பி வருவதில்லை. கீரையைத் தின்றவர்களின் கழிவு சாக்கடையில் போகிறது. வேரும் தண்டும் கொடுங்கையூர் குப்பைமேட்டுக்குப் போகின்றன.

இன்று ‘சுழற்சி வேளாண்மை’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து எதுவுமே வாங்காத, மாடும் கோழியும் மண்புழுவும் தமக்குள் பரிமாறிக்கொண்டு ஓடும் பண்ணையைத்தான் படமாக வரைந்து காட்டுகிறார்கள். விளைந்ததை அங்கேயே உண்டு, கழிவையும் அங்கேயே விடுகிற குடும்பத்துக்கு அது பொருந்தும். விற்பதற்காகப் பயிர் செய்கிற நிலத்துக்குப் பொருந்தாது. விற்கிற ஒவ்வொரு கட்டும் வட்டத்தில் விழும் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க வேண்டுமானால், வாங்கித் தின்ற ஊர் எதையாவது திருப்பித் தந்தாக வேண்டும்.

காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தழைச்சத்தைப் பொறுத்தவரை அது முடியும். தக்கைப்பூண்டும் சணப்பும் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் உதவியால் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும். விதைத்து 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுதால் நிலத்துக்கு நல்ல உரம். ஆனால் 45 நாள் என்பது கீரைக்காரருக்கு இரண்டு பிடுங்கல். குத்தகை நிலத்தில் இரண்டு பிடுங்கலை விட்டுக்கொடுக்க எவருக்கும் மனம் வராது. மேலும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் காற்றில் இல்லை. அவை பாறையிலிருந்து மண்ணுக்கு வந்தவை. போனால் யாராவது தூக்கிக் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் அப்படித் தூக்கிக் கொண்டுவந்து போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அம்பத்தூர், கொரட்டூர், ஆவடி, திருநின்றவூர், செம்பரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. பாசனத்துக்குத் தண்ணீர் தந்ததை எல்லோரும் சொல்வார்கள். உரம் தந்ததைச் சொல்பவர்கள் குறைவு. மழை அடிக்கும்போது மேட்டு நிலத்தின் மேல்மண் கரைந்து ஓடுகிறது. கனமான மணல் வழியிலேயே தங்கிவிடும். மிக நுண்ணிய களிமண்ணும், மட்கிய பொருளும், களியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மணிச்சத்தும் ஏரி வரை வந்து அடியில் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அந்த வண்டலை வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோனார்கள். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் ஆகிய நேர்மின் அயனிகளை அது பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மணற்பாங்கான நிலத்தில் வண்டல் அடித்தால் ஈரம் கூடுதல் நாள் நிற்பதும் இதே நுண்துகள்களால்தான். ஏரியின் கொள்ளளவும் கூடும், வயலும் தேறும். நிலத்திலிருந்து ஓடிப்போனதை ஆண்டுக்கொரு முறை திருப்பிக் கூட்டிவரும் ஏற்பாடு அது.

2017-இல் குடிமராமத்துப் பணிகளோடு சேர்த்து, விவசாயிகள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு விதியைத் தளர்த்தியது. 2024-இல் அந்த அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே பெறும்படி இன்னும் எளிதாக்கியது. நல்ல காரியம். திருவள்ளூர் மாவட்டத்தின் வெளிப்புற ஏரிகளுக்கு இது அப்படியே பொருந்தும். ஆனால் கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளுக்கு? கழிவுநீர் கலப்பதை எதிர்த்து ஊர் மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்த ஏரிகள் அவை. 1960-களில் தொடங்கிய தொழிற்பேட்டையின் ஓரத்தில் இத்தனை ஆண்டு கிடக்கும் வண்டலை, உலோகப் பரிசோதனை செய்யாமல் கீரைப் பாத்தியில் கொட்டுவதை நான் ஏற்கமாட்டேன். ஏரி கெட்டால் தண்ணீர் மட்டும் கெடுவதில்லை. எருக்கிடங்கு ஒன்றும் கூடவே மூடிப்போகிறது.

வண்டல் போனபின் மிஞ்சியது மாடு. ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லித் தெருக்களில் மாட்டுக்குப் பஞ்சமில்லை. சாலை நடுவில் படுத்துக்கொண்டு நகராமல் இருப்பதே புகாராகிவிட்ட ஊர்கள் இவை. தொழு உரத்தில் சராசரியாக அரை சதவீதம் தழைச்சத்து. ஒரு டன் தொழு உரத்தில் 5 கிலோ. ஆக ஒரு டன் கீரை எடுத்த இடத்தில் ஒரு டன் தொழு உரம் போட்டால் கணக்கு நேராகிறது, ஏட்டளவில். நிலத்தில் அப்படியே நேராகாது. தொழு உரத்தின் நைட்ரஜன் பெரும்பாலும் கரிமச் சேர்மங்களில் கட்டுண்டிருக்கிறது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகே வேர் உறிஞ்சும். முதல் பருவத்தில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். 25 நாளில் முடிந்துவிடும் பயிர் அதற்காகக் காத்திருக்காது. தொழு உரம் மட்டும் போட்டவரின் முதல் பாத்தி வெளுத்துப்போவதும், மூன்றாம் ஆண்டு அதே நிலம் கறுத்துச் செழிப்பதும் இதனால்தான். நடுவில் உள்ள இரண்டு ஆண்டுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்விக்கு இயற்கை வேளாண்மைப் பயிற்சி வகுப்புகளில் நேரான பதில் கிடைப்பதில்லை.

மாட்டிடமிருந்து வரும் நைட்ரஜனில் பாதிக்குமேல் சாணியில் இல்லை, மூத்திரத்தில் இருக்கிறது. சாம்பல்சத்தில் பெரும்பகுதியும் அதில்தான். ஒரு கறவை மாடு நாளுக்கு 8 லிட்டர் மூத்திரம் விடுகிறது, அதில் ஒரு சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 80 கிராம், ஆண்டுக்கு 29 கிலோ. ஒரு மூட்டை யூரியாவுக்கு மேல். ஏறக்குறைய ஆறு டன் கீரை கொண்டுபோன தழைச்சத்தை ஒற்றை மாடு தரையில் விட்டுக்கொண்டிருக்கிறது. புறநகர் மாட்டுக் கொட்டகையின் தரை பெரும்பாலும் சிமெண்ட். காலையில் குழாயைத் திறந்து அடித்து விட்டால் எல்லாம் தெருக்கால்வாய்க்கு.

கால்வாய்க்குப் போவதற்கு முன்பே இன்னொரு பகுதி காற்றோடு போய்விடுகிறது. விடியற்காலையில் மூடிய கொட்டகைக்குள் நுழைந்தால் மூக்கை எரித்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த நெடி அம்மோனியா. மூத்திரத்தில் இருப்பது யூரியா. சாணியிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்ற நொதி அதைச் சில மணி நேரத்தில் அம்மோனியாவாக உடைக்கிறது. வெயிலும் காற்றும் பட்டால் அது வாயுவாகக் கிளம்பிவிடும். நெடி அடிக்கிறது என்றால் உரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதைத் தடுக்க எந்த இயந்திரமும் வேண்டாம். மாட்டின் பின்காலடியில் உலர்ந்த மண்ணையோ, மாடு தின்று கழித்த வைக்கோலையோ, மரத்தூளையோ பரப்பி வைத்தால் மூத்திரம் அதில் ஊறும். மண்ணின் களி அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். வைக்கோலின் கரிமத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிச்ச நைட்ரஜனைத் தங்கள் உடலில் கட்டிக்கொள்ளும். சில நாளுக்கொரு முறை அதை வாரிக் குழியில் போட்டு, வேறு பரப்ப வேண்டும். வேளாண் அறிவியலாளர் ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் யஷ்வந்த் வாட் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து உருவாக்கிய இந்தூர் மட்கு உர முறையில், சாணி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த மூத்திர மண். பின்னாளில் நம் ஊர்க் கையேடுகளில் சாணி தங்கிவிட்டது, மூத்திரம் உதிர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவர்களுக்கு ஹோவர்ட் வேண்டியிருக்கவில்லை. இரவு முழுக்க வயலிலேயே மந்தையை அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணுக்கே சேரும். காலையில் ஓர் உழவு ஓட்டினால் நெடியும் அடங்கும்.

மாட்டைப் பற்றிப் பேசும்போது இன்னொரு கணக்கையும் மறைக்கக்கூடாது. ஒரு ஏக்கர் கீரைக்கு ஆண்டுக்கு 20 டன் தொழு உரம் என்றால் ஐந்தாறு மாடாவது வேண்டும். ஐந்தாறு மாட்டுக்கு ஒரு ஏக்கரில் தீனி விளையாது. வைக்கோல் வெளியூரிலிருந்து லாரியில் வருகிறது. பிண்ணாக்கும் தவிடும் கடையில் வாங்குகிறார்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இலைகளைக் கோயம்பேட்டில் அள்ளி வருகிறார்கள். ஆகவே ‘சொந்த மாட்டுச் சாணி’ என்பதும் வேறொரு நிலத்தின் சத்துதான். எங்கோ ஒரு வயல் இளைத்து, இங்கே ஒரு பாத்தி கொழுக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் அதை மூடிய சுழற்சி என்று சொல்லக்கூடாது.

வைக்கோல் என்றதும் திரூர் நினைவுக்கு வருகிறது. ஆவடிக்கு மேற்கே ரயில் பாதையோரம் 1942 முதல் இயங்குகிறது நெல் ஆராய்ச்சி நிலையம். அங்கே உருவான டி.கே.எம். 6 ரகத்தின் தண்டுத்துளைப்பான் எதிர்ப்பு பிலிப்பைன்ஸ் வரை போய், ஐ.ஆர். 20 என்ற குட்டை நெல் ரகத்துக்கு ஒரு பெற்றோராக அமைந்தது. நெட்டை நெல் கொடுத்த குணத்தை வாங்கிக்கொண்ட குட்டை நெல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. தானியம் பெருகிய அளவுக்கு வைக்கோல் பெருகவில்லை. பசுமைப் புரட்சியின் வரவுசெலவில் வைக்கோலுக்குத் தனிப் பத்தி யாரும் ஒதுக்கவில்லை.

இன்று அந்த வைக்கோலை இரண்டு முறை பயன்படுத்த ஒரு வழி உண்டு. திரூரிலேயே உள்ள வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் கற்றுத்தரும் சிப்பிக் காளான் வளர்ப்புதான் அது. வைக்கோலை மாட்டால் முழுதாகச் செரிக்க முடியாததற்குக் காரணம் லிக்னின். சிப்பிக் காளான் வெண்ணழுகல் பூஞ்சை இனம். லிக்னினை உடைக்கும் நொதிகள் அதனிடம் உண்டு. வேகவைத்து ஆற்றிய வைக்கோலில் வித்து தூவிப் பாலித்தீன் பையில் கட்டித் தொங்கவிட்டால் 45 நாளில் மூன்று அறுவடை. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலுக்கு அரை கிலோவுக்கு மேல் காளான் கிடைக்கும். நிலமே இல்லாதவருக்கும் பத்தடிக்குப் பத்தடி ஓலைக் கொட்டகை போதும். சென்னையின் மே மாதம்தான் சோதனை: கோணிச்சாக்கை நனைத்து நனைத்துக் கட்டினாலும் பச்சைப் பூசணம் பாய்ந்து பைகள் வீணாகும். அறுவடை முடிந்த பை, லிக்னின் தளர்ந்து மென்மையாகி, மண்புழுவுக்கு ஏற்ற தீனியாக நிற்கும்.

மட்கு உரம் செய்வதன் அறிவியல் ஓர் எண்ணில் அடங்கும்: கரிமத்துக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம். நுண்ணுயிருக்கு ஒரு பங்கு நைட்ரஜனோடு 25 முதல் 30 பங்கு கரிமம் வேண்டும். வைக்கோலில் அது 60-க்கு மேல். காய்கறிக் கழிவில் 20-க்குக் கீழ். சாணியில் இருபதை ஒட்டி. வைக்கோலை மட்டும் குவித்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காய்கறிக் கழிவை மட்டும் குவித்தால் நாறும். அதாவது அதன் நைட்ரஜன் அம்மோனியாவாகக் கிளம்பும். இரண்டையும் அடுக்கினால் மூன்றாம் நாள் குவியலுக்குள் கையை விட முடியாத சூடு, 55 முதல் 65 டிகிரி. களை விதையும் நோய்க்கிருமியும் சாவது இந்தச் சூட்டில்தான். நேரே மண்புழுத் தொட்டியில் கொட்டினால் இந்தச் சூடு வராது. வந்தால் புழு செத்துவிடும். அதனால்தான் முதலில் இரண்டு மூன்று வாரம் குவித்து மட்கவிட்டு, ஆறியபின் புழுவுக்குத் தர வேண்டும். அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டியவரின் பாத்தியில் கீரையை மிஞ்சிச் சாரணை முளைக்கும்.

மண்புழு என்றால் சென்னைக்காரர்கள் சுல்தான் அகமது இஸ்மாயிலை நினைக்காமல் இருக்க முடியாது. நியூ கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அவர், பெட்டியில் வாங்கிவரும் வெளிநாட்டுப் புழுக்களுக்குப் பதிலாக நம் மண்ணின் புழுக்களைப் பயன்படுத்தச் சொல்லி வந்தவர். பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் மேற்பரப்பில் சருகைத் தின்று எருவாக்கும். லாம்பிட்டோ மாரிட்டி மண்ணுக்குள் வளை தோண்டி மேலும் கீழும் போய்வரும். அந்த வளைகளின் வழியாகக் காற்றும் மழைநீரும் இறங்கும். உரம் விற்கிற வணிகருக்கு முதலாவது போதும். விவசாயிக்கு இரண்டாவதும் வேண்டும், ஏனென்றால் அவருக்குத் தேவை உரமூட்டை மட்டுமில்லை, மூச்சுவிடும் மண். அந்தப் புழு வயலில் நிலைக்க, மண்ணில் ஈரமும் மேலே சருகு மூடாக்கும் இருந்தால் போதும்.

சாணவாயுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 25 கிலோ சாணிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் வாயு. நான்கு மாடு உள்ள வீட்டில் இரண்டு கன மீட்டர் கலம் போட்டால் மாதம் ஏறக்குறைய இரண்டு சிலிண்டர் மிச்சம். கலத்துக்குள் முதலில் ஒரு கூட்டம் நுண்ணுயிர் சாணியை அமிலமாக்குகிறது. அடுத்த கூட்டம் அந்த அமிலத்தை மீத்தேனாக்குகிறது. இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். சோறு வடித்த மிச்சத்தையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டினால் அமிலம் தேங்கி, கலம் புளித்து நின்றுவிடும். வாயுவாக வெளியே போவது பெரும்பாலும் கரிமம்தான். நைட்ரஜன் ஏறக்குறைய முழுக்கக் கழிவுக் குழம்பில் தங்கும், அதில் கணிசமான பகுதி வேர் உடனே எடுத்துக்கொள்ளும் அம்மோனிய வடிவில். அந்தக் குழம்பைத் தூக்க வசதியில்லை என்று வெயிலில் காயவைக்கிறார்களே, அங்கேதான் பலன் பாதி போகிறது. வாய்க்கால் தண்ணீரோடு கலந்து பாத்திக்கு விடுவதே சரி.

இதுவரை சொன்னதெல்லாம் பண்ணைக்குள் கசிவை அடைக்கும் வழிகள். கீரைக்கட்டோடு ஊருக்குள் போனது திரும்ப வேண்டுமே. 2020 மே மாதம், கொரோனா பரவியதால் கோயம்பேட்டை மூடிவிட்டுக் காய்கறி மொத்தச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் இறுதிவரை அது அங்கேயே நடந்தது. மழை பெய்தால் முழங்கால் சேறு, வியாபாரிகளுக்குப் பெரும் அவதி. அதையெல்லாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பெருநகரத்தின் காய்கறிக் கழிவு, காய்கறி விளையும் வயல்களின் வாசலுக்கே வந்து நின்ற நான்கைந்து மாதம் அது. வழக்கமான நாளில் கோயம்பேட்டின் கழிவு 150 டன்னைத் தாண்டும். அதில் 30 டன்னை வாயுவாக்க 2005-இல் ஒரு நிலையம் அமைத்தார்கள். மிச்சத்தில் மாடு தின்றது போகப் பெரும்பகுதி குப்பைமேட்டுக்கு. குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது அதே மீத்தேன் வருகிறது. ஆனால் அடுப்புக்கு வராமல் வானத்துக்குப் போகிறது, அவ்வப்போது தீப்பிடிக்கவும் செய்கிறது.

அங்காடியை விடப் பெரிய கசிவு சாக்கடை. ஒரு மனிதர் ஆண்டுக்குச் சுமார் 3 கிலோ தழைச்சத்தை வெளியேற்றுகிறார். 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை சுமார் 3.45 லட்சம். ஆண்டுக்கு 1,000 டன் தழைச்சத்து. ஏக்கருக்கு 100 கிலோ வீதம் 10,000 ஏக்கர் கீரைக்குப் போதும். ஆவடியில் அத்தனை கீரை நிலம் ஏது? கோயம்பேட்டில் 2019-இல் திறந்த நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் மறுசுத்திகரிப்பு ஆலை, கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் வரை கொண்டுபோய் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறது. குடிநீர் அந்த அளவுக்கு மிச்சம்; பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தச் சவ்வு வடிகட்டித் தள்ளுவதில் கீரை தேடுகிற சத்தும் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சாக்கடைத் தண்ணீரைக் கீரைக்கு விடலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். உருளைப்புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், உயிரோடு கிடக்கும். மண்ணை ஒட்டி வளரும் இலையில் அது நேரே ஏறிவிடும். உலோகங்கள் அதைவிடப் பிடிவாதமானவை. மட்கும்போது கரிமம் கரியமில வாயுவாக வெளியேறிக் குவியல் பாதியாகச் சுருங்கும். ஈயமும் காட்மியமும் எங்கும் போகாமல் அதே இடத்தில் இருக்கும். ஆகவே குப்பையில் இருந்ததைவிட உரத்தில் அவற்றின் செறிவு இரட்டிப்பாகும். காட்மியத்தைப் பெரும்பாலான பயிர்களைவிட எளிதாக உறிஞ்சி இலையில் சேர்ப்பவை கீரைகள். புறநகர் உரக்கூடம் ஒன்றின் உரத்தை ஒரு பிடி அள்ளிச் சலித்தால் ஷாம்பு பாக்கெட்டின் கிழிந்த மூலை, பல்புக் கண்ணாடித் துணுக்கு, ஒரு பேனா மூடி என்று வரும். கண்ணுக்குத் தெரிவதைப் பொறுக்கிவிடலாம். பேட்டரியும் பெயிண்டும் விட்டுச் சென்றது கண்ணுக்குத் தெரியாது.

எனவே எந்தக் கழிவு எந்தப் பயிருக்கு என்று தரம் பிரித்தாக வேண்டும். அங்காடியின் இலைக்கழிவு, மாட்டுக் கொட்டகை எரு, காளான் பை ஆகியவை கீரைக்கும் காய்கறிக்கும். வீட்டில் பிரித்துத் தரும் ஈரக்குப்பையின் உரம், பரிசோதனையில் தேறினால் கீரைக்கு. தேறாவிட்டால் சாலையோர மரங்களுக்கு. சுத்திகரித்த கழிவுநீர், திருவள்ளூர் மாவட்டத்தின் மல்லிகைத் தோட்டங்களுக்கு, அதுவும் சொட்டுநீராக வேரடியில் மட்டும். பூப் பறிக்கும் பெண்களின் கையும் காலும் நனையாதபடி. மல்லிகையை யாரும் தின்பதில்லை.

இவ்வளவு செய்தாலும் ஒரு தடை மீதி நிற்கிறது. மண்ணில் கரிமம் சேர ஐந்தாறு ஆண்டு ஆகும். பூந்தமல்லி வரை மெட்ரோ, குத்தம்பாக்கத்தில் பேருந்து முனையம், திருமழிசையில் துணைநகரம் என்று விலை ஏறும் நிலத்தில் ஓராண்டுக் குத்தகைக்கு இருப்பவர் எதற்காக மண்ணை வளர்க்கப் போகிறார்? யூரியா போட்டு அடுத்த மாதம் காசு பார்ப்பது அவர் நிலையில் மடத்தனமில்லை. குறைந்தது ஐந்தாண்டுக் குத்தகை எழுதித் தருகிற நில உரிமையாளருக்கு நகராட்சி ஏதேனும் வரிச்சலுகை தந்தால், எந்தப் பயிற்சி முகாமையும்விட அது மண்ணுக்கு நல்லது செய்யும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையைப் பிரித்துத் தரச் சொல்கின்றன. உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கழிவு உரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம், கரிம நைட்ரஜன் விகிதம் 20-க்குள், உப்பின் அளவுக்கும் ஓர் எல்லை. விதி இருக்கிறது, உரமும் இருக்கிறது. விவசாயி கையில் இல்லாதது அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்ற விவரம். ஆகவே ஆவடி, சென்னை மாநகராட்சிகளுக்கும் பூந்தமல்லி, திருவேற்காடு நகராட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் உரக்கூடங்களில் ஆகும் ஒவ்வொரு தொகுதி உரத்தையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், ஈயம், காட்மியம், உப்பு, தழைச்சத்து ஆகிய நான்கு எண்களையும் தேதியோடு தமிழில் அச்சடித்து மூட்டையில் ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இல்லாத மூட்டையை இலவசமாகக் கொடுத்தாலும் கீரைக்காரர்கள் வாங்கக்கூடாது.